ஏலத் தோட்டத்தில் கடித்த பாம்பும் நாலு பாம்பு மருந்தும்

வரப்போரம் எழுதியது:

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன் நான். என் மைத்துனர் மனைவி போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். காய் எடுத்துக்கொண்டிருந்தபோது விரலில் பாம்பு கடித்துவிட்டது. ஒரு முழம்கூட இருக்காதாம். சருகு நிறம், முக்கோணத் தலை, மூக்கு நுனி மேலே தூக்கியிருந்தது. கூட வேலை செய்த பெண் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார்.

கீழே கொண்டுவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தம் உறையவில்லை என்று விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். மறுபடி பார்த்தார்கள், உறையவில்லை. மறுபடி ஏற்றினார்கள். மறுநாள் சிறுநீர் குறைந்துவிட்டது. வேறோர் இடத்துக்கு மாற்றியபோது அங்கே இருந்த மருத்துவர் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பார்த்த உடனே, இந்த மருந்து இதற்குக் கேட்காது என்று நிறுத்திவிட்டார். அப்புறம் சில தடவை டயாலிசிஸ் நடந்தது. இப்போது வீட்டில் இருக்கிறார், நடமாடுகிறார்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். அப்படி இல்லையென்றால் முதல் இடத்தில் ஏன் கொடுத்தார்கள்? இதற்கென்று தனி மருந்து எங்கேயாவது இருக்கிறதா?


கண்மாய்க்கரை எழுதியது:

நீங்கள் சொன்ன அடையாளத்துக்கு அது மூக்கு தூக்கிய குழிவிரியன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சிறு குழி இருக்கும், இருட்டில் இரையின் உடல் சூட்டை அதனால் உணரும். ஏலச் செடியில் காய் தரையை ஒட்டித்தானே காய்க்கிறது? சருகுக்குள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதே சருகுக்குள் இதுவும் அசையாமல் சுருண்டு கிடக்கும். விரலில் கடித்ததில் வியப்பில்லை.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வீடுகளில் பாம்பு பிடித்துக் காட்டில் விடுகிற வேலையைச் செய்கிறேன். சமவெளியில் ஆளைக் கொல்லக்கூடியவை நான்கு. நல்ல பாம்பு எங்கும் உண்டு. கண்ணாடி விரியன் வயல் வரப்பிலும் கரும்புக் கொல்லையிலும் கிடக்கும். சுருட்டை விரியனை மேலூருக்கு வடக்கே பாறைப் பாங்கான காட்டில் பார்க்கலாம். கட்டுவிரியன் செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், வீட்டு ஓரம். இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் நம் மருந்து. உங்கள் குழிவிரியன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழகர்மலை அடிவாரத்தில் ராஜநாகம் பார்த்தோம் என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் படம் அனுப்புகிறார்கள். எல்லாம் சாரைப்பாம்பு.


சித்தவழி எழுதியது:

ஊசி கண்டுபிடிப்பதற்கு முன்னால் இங்கே மனிதன் வாழவே இல்லையா? எங்கள் தாத்தா பாம்புக்கடிக்கு மூலிகை கொடுத்தவர். சிறியாநங்கை உட்பட ஏழெட்டு இலை. எந்தப் பாம்பு என்று கேட்கவே மாட்டார், எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம். பிழைத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். குதிரை இரத்தத்திலிருந்து எடுத்து விற்பவர்கள், கேட்காத பாம்புக்கும் ஏற்றிவிட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டுப் பிறகு டயாலிசிஸ் செய்கிறார்கள். சிந்தியுங்கள்.


பழையவார்டு எழுதியது:

சிந்தித்தேன் தம்பி. நான் ஓய்வுபெற்ற செவிலி, என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி பாம்புக்கடி வருகிற வார்டில்தான் போனது. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் பல நேரம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அந்தக் கடிகளுக்கு உங்கள் தாத்தா வேப்பிலையால் விசிறியிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பிழைத்தவர் ஊரில் இருக்கிறார், பேசுகிறார். பிழைக்காதவரை யார் கேட்டது? கஷாயத்துக்காக உட்கார்ந்திருந்துவிட்டு, மூச்சு வாங்க முடியாமல் கடைசியில் எங்களிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது அந்தப் பாம்பின் விஷம். மருந்து அதைத் தடுக்கவில்லை என்பதுதான் வரப்போரம் சொல்வது. இரண்டையும் குழப்பாதீர்கள்.


நாகமலைப்புதுக்கோட்டை எழுதியது:

பொதுமருத்துவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். வரப்போரம் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து தயாரிக்கும் விதத்திலேயே விடை இருக்கிறது. நான்கு பாம்புகளின் விஷத்தையும் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அந்த நஞ்சுப் புரதங்களைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, உலர்ந்த தூளாகக் குப்பியில் அடைக்கிறார்கள். ஆக, குதிரை எந்த விஷத்தைப் பார்த்ததோ அந்த விஷத்தைத்தான் மருந்து பிடிக்கும். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அண்ணனுக்குத் தைத்தது தம்பிக்கும் ஓரளவு பொருந்தலாம், யாரோ ஒருவருக்குப் பொருந்தாது. குழிவிரியன் நம் நான்கு பாம்புகளுக்குத் தம்பி இல்லை.

அளவைப் பற்றி. இங்கே முதல் தவணை 8 முதல் 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு. ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைக்காது. ஒரு மில்லி மருந்து நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம். குழிவிரியனுக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. எனவே பத்துக் குப்பியில் கேட்காதது முப்பதில் கேட்டுவிடும் என்று எதிர்பார்க்க வழியில்லை. குப்பி கூடக்கூட ஏறுவது குதிரைப் புரதம்தான். அதற்கு ஒவ்வாமை வந்தால் இரத்த அழுத்தம் விழும், மூச்சுக்குழல் சுருங்கும். அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டுதான் மருந்தைத் தொடங்குவோம்.

அப்படியானால் முதல் இடத்தில் ஏன் கொடுத்தார்கள்? அந்த மருத்துவருக்காக நான் பேசுகிறேன். கடித்த பாம்பு எது என்று தெரியாமல் ஒருவர் வருகிறார். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்தால், உறையாமல் ஓடுகிறது. மதுரை, தேனிப் பகுதியில் இதற்கு முதல் சந்தேகம் கண்ணாடி விரியன். அது உண்மையாக இருந்து மருந்தைத் தாமதித்தால் உயிர் போகும். அந்த நேரத்தில் கொடுப்பதுதான் சரி, நானும் கொடுத்திருப்பேன். மருந்து விஷத்தை முறித்த பின்பும் உறைவுப் பொருள்களைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். அதனால்தான் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து அடுத்த தவணையைத் தீர்மானிக்கிறோம். முதல் தவணையைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது தவணைக்கும் அசையவில்லை என்றால், "கடித்தது எங்கே, மலையிலா, வயலிலா?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் படம் உதவும்.

கேரளத்தில் இதே குழிவிரியனைச் சுருட்டை விரியன் என்று தவறாகக் கணித்து, பலனில்லாமல் மருந்து ஏற்றியதை 2007இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். இலங்கையில் அதிகம் கடிக்கிற விஷப்பாம்பே இதுதான். பெரும்பாலோருக்குக் கடித்த இடத்தில் வீக்கத்தோடு போய்விடும். சிலருக்குத்தான் இரத்தம் உறையாமை, சிறுநீரகப் பாதிப்பு என்று முற்றும். அந்தச் சிலரில் உங்கள் உறவினர் ஒருவர்.


வரப்போரம் எழுதியது:

நன்றி ஐயா. இரண்டாவது மருத்துவரும் இதையேதான் சுருக்கமாகச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. ஆனால் தம்பி உறவு என்றீர்களே, அந்த உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்ப்பதற்குச் சுருட்டை விரியன் மாதிரிதானே இருக்கிறது?


பல்கலைநகர் எழுதியது:

இந்த இடத்தில் நான் நுழைகிறேன், உயிரியல் ஆய்வு மாணவி. தோற்றத்தை வைத்து உறவு சொல்ல முடியாது அண்ணா. சுருட்டை விரியனுக்குக் குழியே கிடையாது. அது வேறு கிளை. உங்கள் குழிவிரியனுக்கு நெருங்கிய சொந்தம் தாய்லாந்து, மலேசியாவில் இருக்கும் மலாயாக் குழிவிரியன். 2011இல் வந்த ஓர் ஆய்வில், மலாயாக் குழிவிரியனுக்காகத் தாய்லாந்தில் செய்த மருந்து நம் குழிவிரியனின் விஷத்தை எலிகளில் முறித்தது. சொந்த நாட்டு மருந்து கைவிட, கடல் தாண்டிய மருந்து வேலை செய்தது, ஏனென்றால் இரத்த உறவு அங்கே இருந்தது. நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்த மாதிரி முடிச்சுகளுக்காகத்தான்.

ஒரு மருந்து எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற நம்பிக்கை மருந்தோடு கூடவே பிறந்தது. 1890களில் ஆல்பெர் கால்மெட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நாக விஷத்துக்கு முதல் முறிவு மருந்தைச் செய்தபோது, அது மற்றப் பாம்புகளுக்கும் கேட்கும் என்றார். ஆஸ்திரேலியப் பாம்புகளுக்குக் கேட்கவில்லை என்று அங்கே சி. ஜே. மார்ட்டின் என்ற ஆய்வாளர் காட்டினார். அமெரிக்கக் கண்டத்து விரியன்களுக்கும் கேட்கவில்லை என்று பிரேசில் நாட்டில் வைட்டல் பிரேசில் என்ற மருத்துவர் காட்டினார். நூறு ஆண்டு கழித்து அதே பாடம் ஆப்பிரிக்காவில் திரும்ப நடந்தது. கானாவில் பழைய மருந்து கிடைக்காமல் இந்தியாவில் தயாரான ஒரு மருந்துக்கு மாறினார்கள். பாம்புக்கடி நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக இருந்த சாவு, பன்னிரண்டுக்கு ஏறியது. அந்த ஆய்வு 2008இல் வெளியானது. அங்கே இருப்பதும் சுருட்டை விரியன் வகைதான், ஆனால் வேறு இனம். தம்பி என்று நினைத்துச் சட்டையைப் போட்டார்கள், கை நுழையவில்லை.

ஒரே இனத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். நம் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பைப் பிடித்துச் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அதாவது இந்தியா முழுமைக்கும் போகிற மருந்து பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாம்பைப் பார்த்துச் செய்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு 2019இல் இதைச் சோதித்தது. ராஜஸ்தானின் சுருட்டை விரியன், சிந்துக் கட்டுவிரியன், வங்காளம், வடகிழக்குப் பக்கத்து ஒற்றைக்கண் நாகம் ஆகியவற்றின் விஷத்தை நம் மருந்து சரியாக முறிக்கவில்லை. மதுரைச் சமவெளிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். நம் வயலில் கடிக்கும் பாம்பு, குதிரை பார்த்த பாம்புக்கு ஊர்க்காரன்தான்.


நாகமலைப்புதுக்கோட்டை எழுதியது:

மாணவி சொன்ன கடைசி வரியைப் படித்துவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடக் கூடாது. பொருந்துகிற மருந்தும் நேரம் தவறினால் பொருந்தாத மருந்துதான். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே சிதைத்துவிடும். சிதைந்த பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் கண் இமை தூக்காது. நுனி திரும்ப வளரும்வரை நாள்கணக்கில் வெண்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். நல்ல பாம்பு விஷம் வேறு விதம். அது நரம்பு நுனிக்கு எதிரே, தசையின் பக்கத்தில் போய் அடைத்துக்கொள்ளும், விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின், அட்ரோபின் என்ற ஊசிகளையும் கொடுத்தால் பலருக்குச் சீக்கிரம் திரும்பும்.


பழையவார்டு எழுதியது:

ஐயா சொன்ன கட்டுவிரியன்தான் எனக்குப் பயம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று வருவார்கள். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா குடிக்க வைத்திருப்பார்கள். நான் முதலில் கேட்பது, தரையில் படுத்தாயா, கண்ணைத் திறக்க முடிகிறதா. இமை தொங்கினால் மேற்கொண்டு பேச்சே கிடையாது.

அவனியாபுரம், திருமங்கலம் பக்கம் மல்லிகை பறிக்க இருட்டோடு போகிற பெண்களும் பிள்ளைகளும் தலையில் விளக்குக் கட்டிக்கொள்கிறார்கள். வெளிச்சம் பூவின் மேல் இருக்கிறது, கால் இருட்டில் இருக்கிறது.


சாயல்குடி எழுதியது:

மதுரைக்காரர்கள் மலையைப் பற்றியே பேசுகிறீர்கள், கடல் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் ஆட்கள் வலை இழுக்கும்போது மீனோடு கடல் பாம்பும் வரும். பெரும்பாலும் சும்மா எடுத்துத் திரும்பக் கடலில் எறிந்துவிடுவார்கள், கடிக்காது என்ற தைரியம். கடித்தாலும் முதலில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி, வாய் திறக்க முடியாது, சிறுநீர் கறுப்பாகப் போகும். இதற்கு நாலு பாம்பு மருந்து உதவுமா?


பல்கலைநகர் எழுதியது:

உதவாது. கடல் பாம்பு விஷம் தசையைக் கரைக்கிறது, கரைந்த தசையின் நிறம்தான் சிறுநீரில் தெரிகிறது. அது சிறுநீரகத்தையும் அடைக்கும், பொட்டாசியம் ஏறி இதயத்தையும் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் கடல் பாம்புக்கென்றே மருந்து செய்கிறார்கள். அது கிடைக்காத இடத்தில் அங்கத்திய புலிப்பாம்பு என்ற தரைப்பாம்பின் மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது. காரணம் பழையதுதான்: கடல் பாம்புகள் அந்தக் கண்டத்து தரைப்பாம்புகளின் வம்சம். நம் நல்ல பாம்பு தூரத்துச் சொந்தம். இங்கே மருந்து இல்லாவிட்டாலும் டயாலிசிஸும் வெண்டிலேட்டரும் இருக்கும் இடத்துக்குப் போனால் காப்பாற்ற முடியும். உள்ளூர் கிளினிக்கில் நேரத்தைப் போக்க வேண்டாம்.


தல்லாகுளத்தான் எழுதியது:

இவ்வளவு பேச்சு எதற்கு? தாய்லாந்து மருந்தை இறக்குமதி செய்து போடி, கம்பம், கொடைக்கானலில் வைத்துவிட்டால் முடிந்தது. அரசாங்கத்துக்கு யாராவது ஒரு மனு எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.


நாகமலைப்புதுக்கோட்டை எழுதியது:

எலிக்கு வேலை செய்தது என்பதிலிருந்து மனிதனுக்குக் கொடுக்கலாம் என்பதற்குப் பெரிய தூரம் இருக்கிறது தல்லாகுளத்தான். எந்த அளவு, எந்த நேரத்துக்குள், எந்த நோயாளிக்கு என்று சோதனை வேண்டும். அதுவரை இருப்பது ஆதரவு சிகிச்சைதான்: தேவைப்பட்டால் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி), டயாலிசிஸ், காயப் பராமரிப்பு. கேட்க ஏமாற்றமாக இருக்கும், ஆனால் வரப்போரத்தின் உறவினரைப் பிழைக்க வைத்தது அதுதான்.

ஆனால் மனு எழுதுவதென்றால் எழுதுங்கள். என்னைக் கேட்டால், மருந்தை இறக்குமதி செய்வதற்கு முன்னால் மலைப்பகுதிக் கடிகளில் எந்தப் பாம்பு என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. தனியார் மருத்துவமனையும் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கில் "பாம்புக்கடி" என்று மட்டும் எழுதினால் குழிவிரியன் என்றைக்கும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பாம்புக்கு யார் மருந்து செய்வார்?


சித்தவழி எழுதியது:

ஆக, உங்கள் விஞ்ஞானத்திலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. அதைத்தான் நானும் சொன்னேன்.


பல்கலைநகர் எழுதியது:

நீங்கள் சொன்னது உங்கள் தாத்தாவிடம் அது இருந்தது என்று. ஆய்வகத்தில் இப்போதுதான் அந்தப் பக்கம் நகர்கிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாகத் தனக்குத் தானே விஷத்தை ஏற்றிக்கொண்டும் பாம்பிடம் கடி வாங்கிக்கொண்டும் இருந்த டிம் ஃபிரீட் என்ற அமெரிக்கரின் இரத்தத்திலிருந்து இரண்டு எதிர்ப்புப் பொருள்களைப் பிரித்து, வரெஸ்பிளாடிப் என்ற மருந்தையும் சேர்த்து, நாகம், கட்டுவிரியன் குடும்பத்துப் பத்தொன்பது பாம்புகளின் விஷத்தை எலிகளில் சோதித்தார்கள். பதின்மூன்றுக்கு முழுப் பாதுகாப்பு, மீதிக்கு ஓரளவு. 2025இல் வந்தது. அதே ஆண்டு டென்மார்க்கில் ஒட்டக இன விலங்குகளான அல்பாகா, லாமாவிலிருந்து எடுத்த எட்டுச் சிறு எதிர்ப்புப் பொருள்களைக் கலந்து ஆப்பிரிக்க நாகங்களுக்கு எதிராகச் சோதித்தார்கள். இரண்டும் நாகக் குடும்பத்துக்குத்தான், விரியன்களுக்கு இல்லை. போடி மலைக்கு இதனால் இன்றைக்குப் பயன் ஒன்றும் கிடையாது. தயவுசெய்து யாரும் ஃபிரீட் செய்ததை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.


கண்மாய்க்கரை எழுதியது:

பாம்பை அடித்துப் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். தள்ளி நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். கடித்த நேரம், இடம் இரண்டையும் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.


பழையவார்டு எழுதியது:

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கை காலை ஆட்டாமல் 108இல் ஏற்றுங்கள். ஏற்கெனவே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு வழியில் கட்டை அவிழ்க்காதீர்கள், மருத்துவமனையில் நாங்கள் அவிழ்ப்போம்.


வரப்போரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று போடிக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் கையுறை கேட்டிருக்கிறார்கள், கையுறை போட்டால் காய் எடுக்கிற வேகம் குறையும் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். கூலி எடை கணக்கில் என்பதால் பெண்களே பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். இவர் மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்கிறார். போகலாமா?


பழையவார்டு எழுதியது:

கை வீக்கம் முழுக்க வற்றிய பிறகு போகட்டும். ஆனால் சிறுநீரகம் சரியாகிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை), சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம் மூன்றையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து பாருங்கள். வலிக்கிறது என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம், டைக்ளோஃபினாக் மாதிரியானவை சிறுநீரகத்துக்கு ஆகாது. பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, அந்தப் பாம்புப் படத்தின் நகலையும் அதோடு வைத்து, போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.


கண்மாய்க்கரை எழுதியது:

கையுறைக்குக் கங்காணி ஒப்புக்கொள்ளாவிட்டால், உட்காருவதற்கு முன்னால் ஒரு நீளக் குச்சியால் தூரடியில் சருகைத் தள்ளிவிட்டுக் கையை வைக்கச் சொல்லுங்கள். சோம்பேறிப் பாம்பு அது, தானாக ஓடாது. கண்ணில் பட்டால்தான் உண்டு.